மீதம் ஒன்பது நிமிடம்

மூன்று யூரோ தொண்ணூற்றொன்பது.
பொத்தானை அழுத்திய கணத்திலிருந்து
நாற்பத்தெட்டு மணி நேரம் படம் என்னுடையது.
வெள்ளி இரவு, எட்டு நாற்பது.
ஜன்னல் கொக்கியை ஆட்டிப் பார்க்கிறது காற்று.
லீபாயாவில் காற்று விருந்தாளி இல்லை,
வரி கட்டாத குடித்தனக்காரன்.

வாங்கினால் பதின்மூன்று தொண்ணூற்றொன்பது.
"வாங்கிவிடு வெல்டா, ஒரேயடியாக" என்பார் உல்டிஸ்
இதே சோபாவில், செருப்பைக் கழற்றாமல்.
வாங்கிய எதையும் நாங்கள் இரண்டாம் முறை பார்த்ததில்லை.
அவற்றில் இரண்டு, ஒரு நாள்
சொல்லாமல் கொள்ளாமல் பட்டியலை விட்டுப் போயின.
உரிமம் முடிந்ததாம்.
எங்களுக்கு முடிந்தது அடுத்த ஆண்டு.

வக்கீல் முன் பிரித்தோம்.
கார் அவருக்கு, வீடு எனக்கு,
படகுக் கொட்டகை பாதிப் பாதி.
கடவுச்சொல்லை யாரும் கேட்கவில்லை.
அது இன்னமும் செத்துப்போன பூனையின் பெயர்,
பக்கத்தில் நாங்கள் மணந்த ஆண்டு.
பணம் போகும் அட்டை மட்டும் என்னுடையது.

பழைய பாலங்களைத் தட்டிப் பார்த்து
நிற்குமா விழுமா என்று எழுதித்தரும் ஒருவன்.
கூடவே ஒரு நாய்.
முப்பத்தோராம் நிமிடத்தில் தூங்கிவிட்டேன்.
காலை ஐந்தேகாலுக்கு முதல் ட்ராம்.
இந்த ஊருக்கு ஒரே தடம்,
போவதும் வருவதும் என் உத்தியோகம்.

சனிக்கிழமை மாலை வந்து தொடர்ந்தால்
படம் முப்பத்தொன்றில் இல்லை.
ஐம்பத்திரண்டு நிமிடம், பத்து நொடி.
திரையடியில் சிவப்புக் கோடு
என்னை விட்டுவிட்டு முன்னே ஓடியிருந்தது.
பேய் என்றுகூட நினைத்தேன், ஒரு கணம்.
பேய் கால்வாய்க்கு அந்தப் பக்கம், நான்காம் மாடியில்,
என் காசில் படம் பார்த்திருக்கிறது.

கோபத்தோடுதான் பார்த்தேன், எங்கே நிறுத்தினார் என்று.
நாய் நொண்டத் தொடங்கிய இடம்.

அட மனுஷா.
திரையில் நூறு பேர் சுருண்டு விழுந்தாலும்
ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருப்பார்.
நாய் ஒரு காலைத் தூக்கினால் போதும்,
குளிர்சாதனப் பெட்டியில் எதையோ தேடப் போய்விடுவார்
இல்லாத எதையோ, நெடுநேரம்.

விட்ட இருபத்தொரு நிமிடத்தைப் பார்த்து முடித்து
அங்கிருந்து தனியாகப் போனேன்.
ஐம்பத்தெட்டில் அது செத்தது.
இருவருக்குமாகச் சேர்த்துப் பார்த்தேன்.
குழி மூடி, மண்வெட்டி கழுவி,
அவன் ரயிலேறி ஜன்னலோரம் உட்காரும்வரை போனேன்.
ஒரு மணி, நான்கு நிமிடம்.
அங்கே நிறுத்தி
ரிமோட்டைக் கவிழ்த்து வைத்தேன்,
தூங்கும் குழந்தைப் பக்கத்தில் வைப்பதுபோல.

ஞாயிறு மதியம், கடைசி நிறுத்தத்தில்,
ஆறிய காபியோடு கைபேசியில் பார்த்தேன்.
ஒரு மணி முப்பத்துநான்கு. மீதம் ஒன்பது நிமிடம்.
முடிக்கவில்லை அவர்.
தட்டில் கிடக்கும் கடைசி உருளைக்கிழங்கை
கேட்காமல் எடுக்கும் மனிதர்
ஒன்பது நிமிடத்தை மிச்சம் வைத்திருந்தார்.
ஒருவேளை தூக்கமாகவும் இருக்கலாம்.

அன்று மாலை தடத்தின் குறுக்கே கிளை விழுந்தது.
ரம்பத்தோடு ஆட்கள் வர நாற்பது நிமிடம்.
வீடு சேர்ந்தபோது எட்டு ஐம்பத்திரண்டு.
திரையில் கோடு இல்லை, நிமிடம் இல்லை,
அந்த இரண்டு விலைகள் மட்டும்,
நான் யாரென்றே தெரியாதவைபோல.

அப்போது கைபேசி அதிர்ந்தது.
பதினான்கு மாதத்தில் முதல் செய்தி.
வணக்கம் இல்லை, என் பெயர் இல்லை.
"நாய் எங்கே?"

நனைந்த கோட்டைக் கழற்றாமல் நின்றபடியே எழுதினேன்:
"பாலத்துக் காவல்காரர் வீட்டில் விட்டுவிட்டான்.
அங்கே தோட்டம் இருக்கிறது."
அனுப்பும் முன் யோசித்து
ஒரு பூனையையும் சேர்த்தேன்.